இஷா நேரத்து நடை

12.11.1954, வெள்ளி. சதுரங்கப்பட்டினம்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. உட்கார்ந்தே இருந்தால் கால் போய்விடும், தினமும் நடக்க வை என்று செங்கல்பட்டு டாக்டர் என்னிடம்தான் சொன்னார். தெருவில் ஆண்கள் இருக்கும்போது நாங்கள் நடப்பதில்லை. அதனால் இன்று ராத்திரி அவர்கள் இஷா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் போனதும், கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை வெளியே அழைத்துப் போனேன்.

“செருப்ப கயட்டுடி. சத்தம் கேட்டா எவனாவது திரும்பிப் பாப்பான்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. கோட்டைச் சுவர் வரை இருட்டில் வெறுங்காலோடு நடந்தோம்.

“உங்கத்தா பாத்தா, இன்னாடி, ரெண்டு பேரும் திருடப் போறீங்களாம்பாரு.”

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாயிற்று.

வீட்டுக்கு வந்து விளக்கைத் தூண்டினேன். வாசலிலிருந்தே ரத்தம். அம்மாவின் உள்ளங்காலில் உடைந்த கிளிஞ்சல் ஆழமாகக் குத்தியிருந்தது.

“அட, வலிக்கவே இல்லடி. நாளைக்கும் போலாம், இன்னா?”

டாக்டர் குண்டூசியால் குத்தியபோதும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னாள். காலில் புண் மட்டும் வந்துவிடக் கூடாது, வந்தால் ஆறாது என்றார் அவர்.

மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். என்னைப் பெற்ற அத்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள். கட்டின துணி மறுபடியும் நனைந்திருக்கிறது.