தளர்த்தாத வில்

பீளமேடு,
சித்திரை 9, செவ்வாய்.

அன்பு மகள் நவ்யாவுக்கு,

அம்மா ரங்கநாயகி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் நைனாவும் நலம். லண்டனில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் நைனா பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. எனக்கு ஒரு ஃபேன் போதுமாம். மாடி அறையில் இருக்கும் பத்தொன்பது வயலின்களுக்கும் முப்பது வில்களுக்கும் மட்டும் ஏ.சி., ஈரப்பதம் காட்டும் கருவி, மூலைக்கொரு தண்ணீர்ப் பாத்திரம். முன்பெல்லாம் இதைச் சொல்லியே சண்டை பிடிப்பேன். இப்போது மத்தியானத்தில் நானும் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஏ.சி.க்காகத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். போகப் போகக் கண் திறந்துவிட்டது.

சிங்கமுகம் செதுக்கிய வயலின் நினைவிருக்கிறதா? அதன் முதுகு ஒரே பலகை. ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினால், பட்டுச்சேலையில் நிறம் ஓடுவது போல மரத்துக்குள் வரிகள் ஓடுகின்றன. யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சிங்கத்தின் நாக்குக்குக்கூட ஒரு வளைவு கொடுத்திருக்கிறார். உன் நைனாவுக்கு ஸரிகமகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே இது எந்த வில் என்று சொல்லிவிடுகிறார். முப்பது வருஷமாக மில்லில் பஞ்சைத் தொட்டுத் தரம் சொல்லும் விரல்கள். இந்த மனுஷனை மெச்சாமல் இருக்க முடியவில்லை, கண்ணு.

அதே மனுஷன்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தையும் செய்தார். விருந்தாளிகள் முன்னால் நீ வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, வயலினை உன் தோளிலிருந்து வாங்கி, உள்ளே செய்தவர் பெயர் ஒட்டியிருப்பதை டார்ச் அடித்துக் காட்டினாரே. வயலின் சேர்க்கும் பைத்தியங்களுக்கு மட்டுமே வரும் புத்தி அது. நீ வில்லை ஹால் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாய். மறு வாரம் விமானம் ஏறினாய். இரண்டு வருஷம் ஆகிறது.

போகிற கோபத்தில் நீ வில்லைத் தளர்த்தவில்லை. வாசித்து முடித்ததும் திருகைத் திருப்பி, வில்லில் கட்டிய குதிரைமுடியைத் தளர்த்தாவிட்டால் குச்சி கெட்டுப்போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் இருப்பதிலேயே உசத்தியான வில் அதுதான். ஆனாலும் நீ வைத்த இடத்திலேயே கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடிவைத்திருக்கிறார். மாடிக்குக் கொண்டுபோகவும் விடுவதில்லை. வில்லுக்கு முடி மாற்ற வரும் கோட்டைமேட்டு அக்பர் அலி போன வாரம் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். "வெயிலுக்கு முடி சுருங்கிக் குச்சிய இழுக்குதுங்க. இந்த மாசத்துக்குள்ள தளத்தலீன்னா அப்புறம் நிமுத்தவே முடியாதுங்க" என்றார். "புள்ள முறுக்குனதுங்க. அவளே வந்து தளத்தட்டும்" என்று சொல்லிவிட்டு நைனா மாடிக்குப் போய்விட்டார்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை அக்பர் அலியின் மகள் ஹுமேரா வந்து வாசித்தாள். சும்மா கிடந்தால் வயலினின் குரல் மங்கிவிடுமாம், அதனால் நைனா வாரம் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்கிறார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் நடுவில் எழுந்து, செய்தவர் பெயரைப் பார்க்கலாமா என்று கேட்டார். நைனா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "இருங்க, புள்ள வாசிச்சு முடிக்கட்டுமுங்க" என்றார். அவள் முடித்த பிறகும் நைனா எழவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் பெயரைப் பார்க்காமலே காபி குடித்துவிட்டுப் போனார்.

நேற்று நைனா மில்லுக்குப் போனதும் கண்ணாடியைத் தூக்கினேன். இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். திருகில் விரலைக்கூட வைத்துவிட்டேன். திருப்ப மனம் வரவில்லை. நான் தளர்த்தினால் அது வெறும் மரத்தைக் காப்பாற்றியதாகத்தான் ஆகும். தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அவர் மகள்தானே.

வைகாசி பிறக்கும் முன் ஒரு நடை வந்துபோ. அவரோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வில்லைத் தளர்த்திவிட்டுப் போ. மேசையில் அந்த இடத்தை மட்டும் விட்டு, இரண்டு வருஷமாகச் சுற்றிச் சுற்றித்தான் துடைக்கிறேன்.

தீர்க்காயுசாக இரு, கண்ணு. வந்து சேர்.

உன் அம்மா,
ரங்கநாயகி