காலில்லாத நாற்காலி

அடியே,

காலையில் முதல் மழை. செம்பூர் வீட்டு வாசலில் கிடக்கும் கான்கிரீட் நாற்காலி நனைந்து அந்தப் பழைய வாசனையைக் கிளப்பிவிட்டது. நனைந்த சிமெண்ட் வாசனை மற்றவர்களுக்குப் புதுவீட்டை நினைவுபடுத்துமாம். எனக்கு நினைவு வருவது வேறு. நீ போய்விட்டாய் என்று தெரிந்து மூன்று நாளாகிறது. படிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் எதிரெதிர் வீடு நமக்கு. இருவருக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எங்காத்துக்காரர் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். ஆபீஸ் முதலாளி வெளிநாட்டுப் பத்திரிகையில் ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு, தாராவியில் ஒரு பட்டறையில் கான்கிரீட்டில் நாற்காலி வார்க்கச் சொன்னார். முதலில் வார்த்தது விளிம்பில் கொஞ்சம் மூளியாகிவிட, இவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார்கள். ஒரே பட்டையை வளைத்துச் சுருட்டிய உருவம். முதுகு சாய்வதும் உட்காருவதும் தரையில் நிற்பதும் எல்லாம் அந்த ஒரே பட்டைதான்.

"வீட்டுக்குள்ளயும் போடலாம், மழையிலயும் போடலாம்" என்று இவருக்கு ஒரே பெருமை.

நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தாய். "ஒரு காலும் இல்லே. இதுக்குப் பேரு நாற்காலியா?"

அன்று முதல் நம் இரண்டு வீட்டுக்கும் அதுவே விளையாட்டு. இவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீ கேட்பாய்: "நாற்காலிக்கு எத்தனை கால்?" இவர் "ஒண்ணும் இல்லே" என்று சொன்னால்தான் உள்ளே விடுவாய்.

பிறகு அந்த வருஷம் வந்தது. மதராஸிகள் வந்து வேலையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. கடைப் பலகைகள் உடைந்தன. வேட்டி கட்டிப் போனவர்களை நிறுத்தி அடித்தார்கள். மாடிப்படியில்கூடத் தமிழ் பேசக்கூடாது, வாயைத் திறந்தால் ஹிந்திதான் என்று ஆண்கள் சொல்லிவைத்தார்கள். இவர் பெயர்ப் பலகையை நானே கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தேன். நீ வாசல் கோலத்தைக் காலால் தேய்த்தாய். பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டேதான் தேய்த்தாய்.

ஒரு சாயங்காலம் தெருமுனையில் கண்ணாடி நொறுங்கியது. உன் வீட்டுக்காரர் வேலையாகப் பூனா போயிருந்தார். நீ ஓடி வந்து என் வீட்டுக்குள் புகுந்தாய். இவர் இன்னும் வரவில்லை. கதவுத் தாழை நம்ப முடியாது, ஒரு உதைக்குத் தாங்காது. இரண்டு பேருமாக நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.  

கதவைத் தட்டினார்கள். கரகரத்த ஆண்குரல். "தர்வாஜா கோலோ." கதவைத் திற என்கிறது. "ஜல்தி கோலோ."

இவர் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இவர் ஹிந்தியில் பேசி நான் கேட்டதே இல்லை. பேரைச் சொல்லிக் கேட்கலாமென்றால் அகத்துக்காரர் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. நீ சொல்லலாம், ஆனால் அந்தத் தமிழ்ப் பேர் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். திறந்தால் எவனாவது உள்ளே வந்துவிடலாம். திறக்காமல் இருந்து, வெளியே நிற்பது இவராகவே இருந்துவிட்டால்?

நீதான் கதவிடுக்கில் வாயை வைத்து, நமக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாய்.

"குர்சிக்கு கித்னா பைர்?"

அந்த 'க்கு' காதில் விழுந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. நாற்காலியை ஹிந்தியாக்கினாய், எத்தனை கால் என்பதையும் ஹிந்தியாக்கினாய், நடுவில் நம் 'க்கு' ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. நீயும் நாக்கைக் கடித்துக்கொண்டாய்.  கீழ்ப்படியில் நிறையக் காலடிகள் ஏறி வந்தன.

"ஏக் பி நஹீ."

ஒன்றும் இல்லை என்றது குரல். இவர்தான்.

இப்போது நாற்காலி நகர மறுத்தது. மூளி விளிம்பு தரைக்கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. நீ இழுத்தாய், நான் அழுதுகொண்டே தள்ளினேன். ஒரு சாண் இடைவெளி கிடைத்ததும் இவர் பக்கவாட்டில் நுழைந்தார். சட்டையில் ஒரு கை இல்லை. மூவருமாக நாற்காலியைத் திரும்பக் கதவோடு அணைத்தோம். காலடிகள் நம் வாசலில் வந்து நின்றன. ஒருவன் உதைத்தான். இன்னொரு முறையும் உதைத்தான். நாற்காலி அசையவில்லை. பலகையும் கோலமும் இல்லாத வாசலைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, இறங்கிப் போனார்கள்.

ரொம்ப நேரம் கழித்து நீ சொன்னாய்: "கால் இல்லாதது நல்லதாப் போச்சுடி. இருந்திருந்தா இதுதான் முதல்ல ஓடியிருக்கும்." நான் சிரித்தேன், அப்புறம் அழுகையை நிறுத்த முடியவில்லை.

கலவரம் ஓய்ந்தது. நீங்கள் காட்கோபருக்குப் போனீர்கள், நாங்கள் இங்கே வந்தோம். உள்ளே இருந்தால் நான் தினமும் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று இவர்தான் நாற்காலியை வாசலில் போட்டார். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் தங்கமானவர்கள், தீபாவளிக்குத் தட்டு நிறையப் பலகாரம் அனுப்புகிறார்கள். ஆனாலும் மணி அடித்தால் சட்டென்று திறக்க மாட்டேன். மூன்று தாழ் போட்டிருக்கிறேன். இவர் இருந்தவரை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் திறப்பேன். நீ வந்தாலும் அப்படித்தான். இவரும் போன பிறகு பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

மூன்று நாள் முன்னால் மணி அடித்தது. ஒரு பெண்குரல். "ஆண்ட்டி, தர்வாஜா கோலோ."

அதே இரண்டு வார்த்தை. காட்கோபரில் வளர்ந்த உன் மகளுக்கு அவசரத்தில் ஹிந்திதான் வரும் என்பதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தோன்றியது? கதவில் முதுகை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நாற்காலிக்கு எத்தனை கால்?"

 மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் மெதுவாகத் தமிழ் வந்தது. "ஒண்ணும் இல்லே."

தாழில் கை வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ இருந்தால் நீயே வந்து சொல்லியிருப்பாய். அவளிடம் பதிலைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.