கடுகு இல்லாத சாம்பார்

ஏப். 3, செவ்.
காலையிலேயே சுள்ளென்று வெயில். விடுதிக் குழாயில் தண்ணீர் இல்லை. துவைக்க: பாவாடை 2, தலையணை உறை.

அறைத்தோழி பேச்சிக்கு ராத்திரி காய்ச்சல். இப்போது முதுகெல்லாம் கொப்புளம். அம்மைதான். எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோய்விட்டது, பயமில்லை. விடுதி விதிதான் பயம்: அம்மை கண்டால் அன்றைக்கே ஊருக்கு. அடுத்த வாரம் கடைசிப் பரீட்சை. எழுதாமல் மேலூர்ப் பக்கம் திரும்பினால் தாய்மாமனோடு கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியே அனுப்பியிருக்கிறார்.

"வார்டன்கிட்ட சொல்லிறாதடி." என்னைப் பிடித்த பேச்சியின் கை கொதித்தது. சொல்ல மாட்டேன் என்றேன்.

ஏப். 4, புத.
மெஸ்ஸில் சமைக்கும் முத்துராக்கு அக்காவிடம் மட்டும் சொல்லிக் கஞ்சி வாங்கினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம். வேப்பிலையைப் போர்வைக்குள் ஒளித்தோம். சோப்பு தீர்ந்தது. படிப்பு ஓடவில்லை.

ஏப். 5, வியா.
அக்கா மூச்சு விடவில்லைதான். ஆனால் ஆத்தா இறங்கிய இடத்தில் தாளிக்கக் கூடாதே. நேற்று ராத்திரியிலிருந்து விடுதிக்கே தாளிக்காத சாம்பார், தாளிக்காத ரசம். வார்டன் ஒரு வாய் வைத்தார். எழுந்தார்.

"கடுகு இல்ல. எந்த ரூம்ல ஆத்தா வந்திருக்கா?"

நான் எழுந்துவிட்டேன். அழுதுகொண்டே தாய்மாமன் கதையையும் கொட்டினேன்.

"மத்த பிள்ளைகளுக்கு ஒட்டுனா யாரு பதில் சொல்றது?" என்றார். நியாயம்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கம்.

சாயங்காலம், உடைந்த கட்டில்கள் கிடந்த கொல்லைப்பக்க அறையைக் காலி செய்ய வைத்தார். பேச்சி அங்கே. வாசலில் வேப்பிலை, இப்போது பகிரங்கமாக.

ஏப். 7, சனி.
தனி அறையில் பரீட்சை எழுத அனுமதி கேட்டு, வார்டன் பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்கு அலைந்து வாங்கி வந்துவிட்டார். ஊருக்குத் தந்தி அடித்தாயிற்றா என்று கேட்டேன். பரீட்சை முடியட்டும், போய்ப் படி என்றார்.

விடுதி என்றால் சோறும் கட்டிலும் என்றுதான் நினைத்திருந்தேன். உடம்பு முடியாமல் படுத்தாலும் மாணவியாகவே இருக்க ஓர் இடம் வேண்டும். பேச்சிக்கு அது வீட்டில் இல்லை. வார்டனை எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

ஏப். 12, வியா.
கடைசிப் பேப்பர். எனக்குச் சுமார். பேச்சி மடியில் வேப்பிலையோடு எழுதினாளாம். கண்காணிக்க வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. வினாத்தாளை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தது வார்டன்.

ஏப். 13, வெள்.
பேச்சிக்கு அம்மை ஆறி மூன்றாம் தண்ணீரும் தலைக்கு ஊற்றியாயிற்று. மணி அடிக்கும் முன்பே மெஸ்ஸில் எண்ணெய் காயும் வாசம். பிறகு கடுகு படபடவென்று. வராந்தா முழுக்கக் கைதட்டல். வார்டன் அதட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.