கடைசிப் பெட்டி ரவைகளைப் பற்றி அக்காவுக்கு

என் அன்பு வதனியக்கா,

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே ஒஸ்லோவில், ரி-பான் ரயிலில் ஆறு தரிப்புத் தள்ளி இருந்த அக்காவுக்குக் கடிதம் எதற்கு? நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உங்களிடம் மட்டுமே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. அதைக் கேட்க நீங்கள் இல்லை.

இதை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். என் அக்கா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவர். ஐம்பத்து மூன்று வயதில், அங்கே தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஆஸ்த்ரிட் என்ற அம்மாவோடு சேர்ந்து துவக்குச் சுடும் கழகத்துக்குப் போகத் தொடங்கினார். வேட்டைக்கு அல்ல. தூரத்தில் இருக்கும் காகித வட்டத்தைச் சுட. எங்கள் ஆட்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதுவரை கடையில் வாங்கிய ரவைகளை, துவக்குத் தோட்டாக்களை, சுட்டுக்கொண்டிருந்தீர்கள். தோளில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவை உதைக்கிற உதையை உங்களால் தாங்க முடியவில்லை. மிருதுவான ஈயச் சன்னமும், அதாவது முனையில் இருக்கும் குண்டும், கொஞ்ச வெடிமருந்தும் என்றால் துவக்கு அவ்வளவு உதைக்காது, ஆனால் அப்படியான ரவையை நாமேதான் செய்யவேண்டும் என்று ஆஸ்த்ரிட் சொன்னாராம். அப்படித்தான் தொடங்கினீர்கள்.

நான் அதைக் கண்ட நாள் நினைவிருக்கிறதா? குறொன்லாண்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு அம்மருட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சன்னலோரம் இருந்த சின்ன மேசையில் வெறும் பித்தளை ரவைக் கோதுகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு சின்னத் தராசு. ஒரு துணியில் சாம்பல் நிறத் துண்டுகள் கிடந்தன.

"என்னக்கா இது?"

"சன்னம். நானே வார்த்தது. ஈயம் காய்ச்சினது ஆஸ்த்ரிட்டின்ரை கராஜிலை, இஞ்சை இல்லை, பயப்பிடாதை. முதல் வார்த்ததெல்லாம் சுருக்கம் விழுந்து போச்சு, அச்சுச் சூடு காணாதாம். இதைப் பார், எவ்வளவு வழுவழுப்பா வந்திருக்கு."

ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அப்பா எதாலை செத்தவரெண்டு மறந்து போச்சோ?"

சொன்ன உடனேயே அது எவ்வளவு மோசமான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில், சூடுபட்டு இறந்த அப்பாவை அடையாளம் காட்டப் போனது பதினேழு வயது நீங்கள். பதினொரு வயது நான் பக்கத்து வீட்டில் பாண் தின்றுகொண்டிருந்தேன். நீங்கள் அந்தச் சன்னத்தைத் துணியில் திரும்ப வைத்தீர்கள்.

"எல்லாத்துக்கும் அப்பாவைக் கூப்பிடாதை தம்பி. எனக்கு இது பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

உங்கள் வாழ்க்கையில் வேறு எதையாவது பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேனா? அம்மாவுக்கு வேண்டியது, எனக்கு வேண்டியது, வேலைக்கு வேண்டியது. எவ்வளவு யோசித்தும் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை, அக்கா.

பிறகு நோய் வந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் நீங்கள் அந்த மேசையை விடவில்லை. மார்கழியில் ஒருநாள் போன் எடுத்தீர்கள்.

"தம்பி, சனிக்கிழமை காலமை ஒருக்கா வாறியே? கோதுகளுக்கு வெடிமருந்து போடேக்கை பக்கத்திலை ஒராள் இருந்தால் நல்லம். ஆஸ்த்ரிட் மகளிட்டைத் துரொண்ட்ஹெய்முக்குப் போட்டா. இந்தக் குளிசையளை விழுங்கி விழுங்கி எனக்கு எண்ணிக்கை பிசகுது."

நீங்களே தொடர்ந்தீர்கள்.

"நீ ஒண்டையும் தொடவேண்டாம். ஒவ்வொரு கோதுக்குள்ளையும் எட்டிப் பாத்து, மருந்து விழுந்திட்டுது எண்டு சொன்னாக் காணும்."

"என்னாலை ஏலாது அக்கா. அந்தச் சாமானுக்குப் பக்கத்திலை என்னாலை இருக்கேலாது."

பிறகு, "சரி. நீ சாப்பிட்டியே?" என்று கேட்டீர்கள்.

மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். துவக்கையும் உங்கள் சாமான்களையும் பொலிஸ் பத்திரங்களோடு ஆஸ்த்ரிட் பொறுப்பெடுத்தார். முழுவதும் என் தலையை விட்டுப் போனதென்று நான் நிம்மதிப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போன மாதம் ஆஸ்த்ரிட் அழைத்தார். உங்கள் பெட்டிகள் நான்கு அவரிடம் இருக்கின்றன, எந்தப் பெட்டியில் எவ்வளவு மருந்து என்று நீங்கள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்கள், ஆனால் எல்லாம் தமிழில் இருக்கிறது என்றார். "எனக்கு இது பூக்கோலம் மாதிரி இருக்கிறது. நீ வந்து வாசிக்க வேண்டும்" என்றார். வாசிப்பதற்கு முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவருடைய கராஜுக்குப் போனேன்.

முதல் மூன்று பெட்டிகளுக்கும் உங்கள் எழுத்து சமையல் குறிப்புப் போல் ஒழுங்காக இருந்தது. திகதி, மருந்தின் பெயர், அளவு, கடைசியில் "ஆஸ்த்ரிட் பார்த்தவ" என்று ஒரு சரி அடையாளம். நான் வாசிக்க வாசிக்க ஆஸ்த்ரிட் பெட்டிகளில் எழுதி ஒட்டினார்.

நான்காவது பெட்டிக்கு வந்தேன். எழுத்து சரிந்து கிடந்தது. எண்ணுவதற்குப் போட்ட கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருந்தன. பார்த்த ஆளின் பெயர் இல்லை. கீழே ஒரு வரி: "திரும்ப எண்ணவேணும்."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆஸ்த்ரிட் கண்ணாடியைக் கழற்றினார்.

"செய்தவளுக்கே நிச்சயமில்லாத ரவையை யாரும் சுடக்கூடாது. ஒவ்வொன்றாகக் கழற்றுவோம்."

அதற்கென்று சுத்தியல் போல் ஒரு கருவி இருக்கிறது. ரவையை அதற்குள் வைத்து மரக்குற்றியில் ஓங்கித் தட்டினால் சன்னம் கழன்று விழும், மருந்தும் கொட்டும். நாற்பது ரவைகள். நீங்கள் ஒவ்வொன்றாக மூடியதை ஆஸ்த்ரிட் ஒவ்வொன்றாக உடைத்தார். கொட்டிய மருந்தைத் தராசில் வைத்து எண்ணைச் சொல்வது என் வேலை. ஒரே எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதுவரை பயமில்லாமல்தான் இருந்தேன்.

முப்பத்தொன்றாவது ரவையில் எண் வேறாக இருந்தது. தராசு பிழையாக்கும் என்று நினைத்தேன். ஆஸ்த்ரிட் திரும்ப நிறுத்தார். சரியாக இரண்டு மடங்கு. அடுத்ததைத் தட்டினார். சன்னம் விழுந்தது, மருந்து ஒரு துகள்கூட இல்லை. முப்பத்திரண்டாவதுக்குப் போகவேண்டியதும் முப்பத்தொன்றாவதுக்குள்ளேயே விழுந்திருக்கிறது.

"இதைச் சுட்டிருந்தால்?" என்று கேட்டேன்.

"துவக்கே வெடித்திருக்கும்" என்றார். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இவ்வளவு கிட்டத்தில்."

நான் கராஜுக்கு வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா, உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தை மாதம் முழுக்கத் தோள் நோகிறது என்று சொல்லி நீங்கள் கழகத்துக்குப் போகவில்லையாம். தோள்தானா? அல்லது அந்தப் பெட்டியில் நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கி வைத்தீர்களா? திரும்ப எண்ணவேணும் என்று எழுதினீர்களே, யாரோடு எண்ண நினைத்தீர்கள்? இன்னொரு தடவை என்னிடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தீர்களா?

ஆஸ்த்ரிட் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். நீங்கள் என்னை அழைத்ததை நான் அவரிடம் சொன்னதில்லை. அவரே தொடங்கினார்.

"வதனி எனக்குச் சொன்னாள். தம்பியிடம் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, அவனால் இது தாங்க ஏலாது என்று. தன்மேல்தான் பிழை என்றாள்."

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம், அக்கா. திட்டியிருந்தால் அதற்கு ஒரு பதிலாவது தேடியிருப்பேன்.

கழற்றிய சன்னங்களை ஆஸ்த்ரிட் உருக்கினார். முகத்துக்குக் கவசமும் கைக்குத் தோல் உறையும் தந்து, "நீயும் ஒன்று வார்த்துப் பார்" என்றார். ஒரு துளி தண்ணீர் பட்டாலும் ஈயம் சீறித் தெறிக்கும் என்று அவர் சொன்னதிலிருந்து என் நெற்றி வியர்வையைக்கூட நான் சந்தேகப்பட்டேன். அச்சில் ஊற்றினேன். முதலாவது பாதிதான் நிரம்பியது. இரண்டாவது கிழவியின் கன்னம்போல் சுருங்கி வந்தது. பன்னிரண்டு வார்த்தேன், பன்னிரண்டையும் திரும்பச் சட்டிக்குள் போட்டேன். நீங்கள் இதை எத்தனை நாள் தனியாக நின்று பழகினீர்கள் என்று ஆஸ்த்ரிட்டிடம் கேட்டேன். "தனியாக இல்லை. நான் இருந்தேன்" என்றார். அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

துவக்கை எனக்கு இப்போதும் பிடிக்காது. உங்களுக்காகப் பிடித்ததுபோல் நடிக்கவும் என்னால் முடியாது. நல்ல பள்ளிக்கூடப் பிள்ளைபோல் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். கண்ணை மூடினால் தராசில் அந்த எண்தான் தெரிகிறது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்த்ரிட்டுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு கண்ணில் படலம் விழுகிறதாம். புறப்படும்போது வாசலில் நின்று, "அடுத்த சனி நான் மருந்து போடவேண்டும், ஒரு ஆள்..." என்று தொடங்கினார். முடிக்க விடாமல் ஓம் என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

போன சனிக்கிழமை போனேன். ஐம்பது கோதுகள். எதையும் தொடாமல் கைகள் இரண்டையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். விழுந்திட்டுது, விழுந்திட்டுது, விழுந்திட்டுது என்று ஐம்பது தரம் சொன்னேன். அவர் கேட்டது ஐம்பது. உங்கள் பக்கத்தில் இருந்து நான் சொல்லாத நாற்பது எனக்கு மிச்சமாகவே இருந்தது.

நாளைக்கும் போவேன் அக்கா. அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லுமட்டும் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.

கூப்பிட்டபோது வராத உங்கள் தம்பி,
குகன்