ஓணச் சரக்கும் இன்சூரன்ஸ் படமும்

அக்கா,

கடையின் அடித்தட்டைக் காலி செய்யக் குனிந்ததும் அந்த நாற்றம் வந்தது. முன்பு வந்த வெள்ளத்தில் நனைந்த, சரிகைக் கரை போட்ட கசவு வேட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து அடுக்கிய பலகை. எத்தனை முறை கழுவியும் போகவில்லை. வெளியே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள், அணையின் ஷட்டரைத் திறக்கிறார்களாம். ஓணச் சரக்கு முழுவதும் உள்ளே இருக்கிறது.

என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தன், வாசலுக்கும் ஆற்றுக்குமாக நடக்கிறார். "வண்டி பிடிச்சு களியக்காவிளைக்கு ஏத்திருவோம்" என்கிறார்.

அந்த வெள்ளத்தின்போது இதைச் சொன்னது நீங்கள். "எனக்க தங்கச்சி வீடு மேட்டுலயாக்கும். அங்க வெள்ளம் ஏறாது. பேசாம ஏத்துட்டி." ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து நடத்திய கடை, மூத்தவர் சொல்லை நான் தட்டுவேனா? கேரளத்தில் இருக்கும் நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கத் தமிழ்நாடு வேறு மாநிலமா என்ன, பெண் கொடுத்து எடுக்கிற இடம். ஆறு பயம் காட்டினால் சரக்கை உறவுக்காரர் வீட்டில் கொண்டு வைப்பதுதான் இங்கே வழக்கம்.

ஆறு நம் கடைப்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மேட்டு வீட்டுக்கும் மேலே கால்வாய் ஓடுவதை யாரும் நினைக்கவில்லை. அதன் கரை உடைந்து நம் கட்டுகள் சேற்றில் கிடந்தன. இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்துவிட்டு, "சேச்சி, பாலிசியில கடை விலாசம் மாத்திரமே உண்டு. இஞ்ச நனைஞ்சதுக்கு ஒண்ணும் கிட்டாது" என்றார்.

"வெள்ளத்துக்கு ரெண்டு ஸ்டேட்டும் ஒண்ணுதானே சாரே?" என்று கேட்டீர்கள். அவர் ஃபைலை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினார். துணிக்கடைக்காரர் வீட்டில் அந்த ஓணத்துக்கு யாரும் புதுத்துணி உடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏஜெண்டை நீங்கள் படுத்திய பாடு! "வெள்ளம்னு எழுத்துல உண்டா? காட்டும் பாப்போம்" என்று வரிவரியாக வாசிக்க வைத்தீர்கள். சுவிட்ச் போர்டை உயரத்துக்கு மாற்றி, சுவரில் உயரமாக இரும்புத் தட்டு அடித்தீர்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் ஆதாரத்துக்குச் சரக்கைப் படம் பிடிக்க வேண்டும். தட்டின் உயரம் தெரிவதற்காக நீங்களே பக்கத்தில் கை தூக்கி நிற்பீர்கள். போனைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தால் திட்டு விழும். "சிரிக்கப்பிடாது. இது ஓணப் படமில்ல மக்கா, இன்சூரன்ஸ் படமாக்கும்."

இன்று வண்டி பிடிக்கக் கிளம்பிய உங்கள் கொழுந்தனுக்கு முன்னால் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "ஒரு கட்டும் எல்லை தாண்டாது. அந்த வீடு பாலிசியில இல்ல."

"ஆறு உள்ள ஏறினா?"

"ஏறட்டும். எல்லாத்தையும் மேல்தட்டுல வையுங்க."

தைரியமாகத்தான் சொன்னேன். இதுவும் தப்பாகப் போனால் இந்த முறை கடையே இல்லை, அக்கா.

கட்டுகள் மேலே ஏறிய பிறகு வழக்கம்போலப் போனை எடுத்துக்கொண்டு திரும்பி உங்களைத் தேடினேன். நீங்கள் கண் மூடிய பிறகு வரும் முதல் மழைக்காலம் இது. அவர் போனை வாங்கிக்கொண்டு, "நீ போய் நில்லு" என்றார். உங்கள் கை எட்டிய தட்டு எனக்கு எட்டவில்லை. முக்காலியில் ஏறிக் கை தூக்கினேன்.

தண்ணீர் முதல் படிக்கு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை, அக்கா. கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அவர் மறுபடியும் எடுத்தார்.