பெரிய எழுத்தில் ஒரு பக்கம்

இஞ்சேருங்கோ, இந்தச் சாமானில் இருந்து எங்கடை அலுமாரி மணம் இன்னும் போகவில்லை. பூச்சி உருண்டையும் பழைய பட்டும் கலந்த மணம். புத்தகம் என்றால் புத்தகம் மணக்க வேண்டும். இதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் என்ரை கூறைச்சேலைதான் மணக்கிறது. ஈ-ரீடராம். மகள்பிள்ளை கனடாவில் இருந்து உங்களுக்கென்று வாங்கி அனுப்பினது, நீங்கள் ஒருநாளும் தொடாதது. இப்போது பின்னேரங்களில் நான் விறாந்தையில் இருந்து இதில்தான் வாசிக்கிறேன்.

முதல் நாள் எனக்கு இதில் ஒன்றுமே பிடிக்கவில்லை. பிள்ளைகளின் சிலேட்டைப்போல ஒரு தகடு. பக்கம் மாற்றத் தட்டினால் ஒருதரம் கறுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் வருகிறது. பழுதாக்கிப் போட்டேனோ என்று பதறிப்போனேன். விரல் தெரியாமல் பட்டாலும் பக்கம் ஓடிவிடும். ஒரு சொல்லில் விரலை வைத்தபடி கொஞ்சம் யோசித்தால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இதை என்ன செய்ய என்று என்னையே கேட்கிறது. பக்க இலக்கமும் இல்லை. நூற்றுக்கு எவ்வளவு வாசித்தாய் என்று பள்ளிக்கூடத்தில் புள்ளி போடுவது மாதிரி மூலையில் போடுகிறது. மெல்லிய புத்தகமோ தடித்த நாவலோ எல்லாம் ஒரே பாரம், முடிவு கிட்டுகிறது என்று கைக்குத் தெரிவதில்லை.

ஆனால் இல்லாத குறை சொல்லக்கூடாது. ஃபோனைப்போல இது கண்ணைக் குத்தாது. பேப்பர்க் கடதாசியின் சாம்பல் நிறம், வெயிலுக்குள் வைத்தாலும் எழுத்து அப்படியே நிற்கிறது. ஒருதரம் சார்ஜ் போட்டால் பிறகு அதை மறந்தே போகலாம். உங்களுக்குப் பிடித்திருக்கும். அதுதான் எனக்கு ஆற்றமாட்டாமல் கிடக்கிறது.

பார்சல் வந்த அன்று நீங்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தீர்கள். புது வேட்டியைப் பார்க்கிற பார்வை. திறந்து பாருங்கோவன் என்று நான் சொன்னேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன், எனக்கும் அதைத் திறக்க மனமில்லை. "நல்ல சாமான். உள்ளை வையும். பழுதாப் போயிடும்" என்றீர்கள். நானும் திறப்பை இடுப்பில் இருந்து எடுத்து, அலுமாரியைத் திறந்து, துவாய்களுக்கும் சவர்க்காரப் பெட்டிகளுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினேன்.

வேறு ஊர்ச் சனத்துக்கு இது விளங்காது. எங்கடை வீடுகளில் வெளிநாட்டுச் சாமான் எது வந்தாலும் நேரே அலுமாரிக்குத்தான் போகும். நல்ல நாள் பெருநாளுக்கு எடுப்போம் என்று வைப்போம், பெருநாள் வந்தாலும் எடுக்க மாட்டோம். சென்ட் போத்தல் பூட்டினபடியே வற்றிப்போகும். நாங்கள் உடம்பு துடைப்பது சாயம் போன பழந்துவாயில். நீங்கள் தொண்டைமானாற்றில் இருந்து என்ரை சீதன வீட்டுக்கு, இந்தக் கொக்குவிலுக்கு வரும்போது கொண்டுவந்தது ஒரு சைக்கிளும் ஒரு றங்குப்பெட்டி நிறையப் புத்தகமும். சண்டைக்கு இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலையே இல்லை, றங்குப்பெட்டி எங்கே இருக்கும்? அன்று தொட்டு எங்கள் இரண்டு பேருக்கும் பூட்டி வைத்தால்தான் மனம் ஆறும்.

புத்தகம் போனாலும் வாசிப்பு உங்களை விட்டுப் போகவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த காலம் முழுக்க, கடை பூட்டினால் நேரே வாசிகசாலைதான். வீட்டுக்கு வரும்போது சைக்கிள் கரியரில் ஒரு புத்தகம் இருக்கும். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவீர்கள், நான் என்ன கறி வைத்தேன் என்றே தெரியாது. அதற்கு நான் ஏசாத ஏச்சில்லை.

பிறகு சீனி வருத்தம், அந்த நீரிழிவு, உங்கடை கண்ணில் கை வைத்தது. பார்சல் வந்து கொஞ்சக் காலத்தில், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். கண் டொக்டர் போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றுவோம் என்றார். நடக்கலாம், ஆளை அடையாளம் தெரியும், சின்ன எழுத்து மட்டும் இனி இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் நீங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "இஞ்சேரும், பிள்ளைக்கு இதைச் சொல்லாதையும். ரெண்டு வேலை செய்யிறவள். கேட்டால் எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வந்திடுவாள்."

நான் சொல்லவில்லை. அயலுக்கும் சொல்லவில்லை. ஆராவது படலையைத் திறந்தால் நீங்கள் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொள்வீர்கள். பிள்ளை வீடியோவில் வருகிற நேரமும் அப்படித்தான். கதைத்து முடித்துவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு பக்கத்தைப் புரட்டுவீர்கள், சரியாக ஒரு பக்கம் வாசிக்கிற நேரத்துக்குப் பிறகு மற்றப் பக்கம். அதை நான் குசினி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்றே எனக்கு நினைவு இராது.

அவள் கேட்காமலும் இல்லை. நான் அனுப்பினதிலை வாசிக்கிறியளோ அப்பா என்று கேட்பாள். ஓம் பிள்ளை, அருமையான சாமான் என்பீர்கள். ஒருவர் ஆசையாகத் தந்ததைத் தொடவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கு வாய் வருமா? நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

பேப்பரில் தலைப்புகளை மட்டும் நீங்களே வாசிப்பீர்கள், மிச்சத்தை நான் வாசிக்க வேண்டும். நான் அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்துக்கொண்டு ஓடுவேன். நாவல் ஒன்றையும் தொடங்கிப் பார்த்தோம். கொஞ்ச நாளில் வேண்டாம் என்றுவிட்டீர்கள். "நீர் வாசிச்சால் அது உம்மடை கதையாப் போகுது" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அப்ப நீங்களே வாசியுங்கோ என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன்.

ஒருநாள் சந்தி மதிலில் உங்கடை ஊர்ச் சந்நிதிக் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பெரிய பெரிய எழுத்து. நீங்கள் நடுறோட்டில் நின்று மேலிருந்து கீழ்வரை உரத்து வாசித்தீர்கள். உபயகாரர் பெயர், அன்னதானம், அச்சடித்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. சனம் பார்க்குது, வாருங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தேன். எழுத்துப் பெரிதென்றால் உங்களுக்குப் போதும் என்று அப்போதாவது என்ரை மரமண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

ஒரு காலமை தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தீர்கள், அவ்வளவுதான். நெஞ்சுக்குள் அப்படியொன்று இருந்தது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளை வந்து சேர்ந்தாள். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து, அவள் திரும்புவதற்கு முதல் அலுமாரியைத் துப்புரவாக்குவோம் என்று இறங்கினாள். துவாய்களுக்கு அடியில் பெட்டி, மேலே சுற்றின பிளாஸ்டிக்கும் கிழியாமல். அவள் கட்டிலில் இருந்துகொண்டு அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள், அப்பாவுக்குக் கடதாசிப் புத்தகம்தானே பிடிக்கும், எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று. நான் ஓம் என்றேன்.

அவள்தான் பிளாஸ்டிக்கைக் கிழித்துச் சார்ஜ் போட்டாள். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கென்று அவள் வாங்கிப் போட்டிருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றாய் வந்து இறங்கின. எல்லாம் தமிழ். வாசிகசாலையில் கேட்டுக் கேட்டு நீங்கள் கிடைக்காமல் வந்ததெல்லாம் இருந்தது. எழுத்துச் சின்னனெண்டால் உங்களுக்கு ஏற்றமாதிரி ஆக்கலாம் அம்மா என்று இரண்டு விரலை வைத்து விரித்தாள்.

எழுத்துப் பெருத்தது. இன்னும் விரித்தாள், இன்னும் பெருத்தது. கடைசியில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து சொல்தான், அந்த நோட்டீஸ் எழுத்தளவு. "எவ்வளவு வேணுமெண்டாலும் பெருசாக்கலாம்" என்றாள்.

தேத்தண்ணி வைக்கிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போனேன். கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்றேன். உங்களில்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோதாரி விழுந்த அலுமாரியில். பிறகு என்னில். அவளுக்கு உங்கடை கண்ணைப்பற்றித் தெரியாது, எங்களுக்கு இந்தச் சாமானைப்பற்றித் தெரியாது. அவள் பக்கமோ எங்கள் பக்கமோ ஒருவர் ஒரு வசனம் வாய் திறந்திருந்தால் போதும். நீங்கள் மடியில் வெறும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அவ்வளவு காலமும் உங்கடை வாசிப்பு பக்கத்து அறையில்தான் கிடந்தது. திறப்பு என்ரை இடுப்பில்.

மனதை ஆற்றுவதற்கு ஒன்று சொல்லிப் பார்த்தேன். நீங்களே வாசித்திருந்தால் நான் உங்களுக்குப் பேப்பர் வாசித்த அந்த நேரமெல்லாம் எங்களுக்கு இல்லாமல் போயிருக்கும் என்று. பேய்க்கதை, வெறும் அலட்டல். உங்களுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் தெரியும். நீங்களே வாசித்திருக்க வேண்டும். நான் கறி என்னவென்று கேட்க, நீங்கள் நிமிராமல் ம் என்றிருக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பெரிய எழுத்துத் தேவையில்லை. ஆனாலும் சில பின்னேரங்களில் அந்த அளவுக்கு விரித்து வைத்து வாசிப்பேன். நாலு சொல், ஒரு தட்டு. நாலு சொல், ஒரு தட்டு. சரியான மினக்கேடுதான். நீங்கள் பொறுமையாக வாசித்திருப்பீர்கள்.

போன ஞாயிறு அப்படி வாசித்துக்கொண்டிருக்கையில் பிள்ளை கனடாவில் இருந்து ஃபோன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள். பிறகு, "ஒண்டுதான் அம்மா எனக்கு ஆறுதல். எப்ப எடுத்தாலும் அப்பா புத்தகமும் கையுமாத்தான் இருந்தவர். கடைசி வரையும் வாசிச்சவர்தானே?" என்று கேட்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எத்தனை நாளைக்கென்று நான் தனியே வைத்திருப்பது? ஆனால் சொன்னால், அந்தக் குளிருக்குள் இரண்டு வேலைக்கு ஓடுகிறவள், வாங்கி அனுப்பின தன்ரை கையையே பார்த்துப் பார்த்துச் சாவாள். பெருப்பிக்கலாம் என்று ஏன் ஒரு சொல் சொல்லாமல் விட்டேன் என்று உயிர் உள்ளவரை கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு வீட்டில் ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

"ஓம் பிள்ளை, கடைசி நாளும் வாசிச்சவர்" என்றேன்.

என்ன புத்தகம் என்று கேட்டாள். வேறொன்றும் வாயில் வரவில்லை, மடியில் திறந்து கிடந்ததன் பெயரைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அதையும் நான் வாங்கிப் போட்டிருக்கிறேன், அவர் எங்கேயோ கடதாசியில் தேடிப் பிடித்துவிட்டாரே என்றாள். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. பிறகு, "முடிவு அவருக்குப் பிடிச்சதோ அம்மா?" என்று கேட்டாள்.

பிடிச்சது என்று சொன்னேன். நான் இன்னும் பாதிகூட வரவில்லை. இனி அதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தாக வேண்டும்.