ஆர்பிட்டாலுக்கு ஓர் அர்த்தம்

மார்ச் 3
அகராதி அலுவலகத்தில் சேர்ந்து ஒன்பது மாதம், அத்தனையும் பிழைதிருத்தம். இன்று ஆசிரியர் ஒரு சொல்லைக் கொடுத்தார்: ஆர்பிட்டால். ஒழுங்காகப் பொருள் எழுதினால் பொருள் எழுதும் பிரிவில் நிரந்தர இடம். சொதப்பினால் பழைய மேஜையே கதி. பழைய பதிப்பில் 'எலக்ட்ரான் சுற்றிவரும் பாதை' என்று இருக்கிறது. பாதி வேலை மிச்சம்! ஓவியருக்கும் அந்தப் பாதையைப் படமாக வரையச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 4
மிச்சமாம், மிச்சம். ஆசிரியர் சிரித்தேவிட்டார். "நீங்க சொல்றது ஆர்பிட்டும்மா, இது ஆர்பிட்டால். எலக்ட்ரானுக்குப் பாதையே கிடையாது."

மார்ச் 6
எங்கள் வழக்கப்படி, அறிவியல் படிக்காத ஒருவருக்குப் பொருளை வாசிக்க வேண்டும். அவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர் புத்தகம் தைக்கும் பைண்டர். 'நிகழ்தகவு மிகுந்த முப்பரிமாண வெளி' என்று வாசித்தேன்.
"தலைவலி மாத்திரை இருக்காம்மா?" என்றார்.

மார்ச் 7
வெளியே போன மாமனாரைக் காணோம் என்று கணவர் பதறினார். மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "எந்த வழியா போனாரோ, யார் கண்டா? பேப்பர் கடைக்கும் பூங்காவுக்கும் நடுவுல எங்கயாவதுதான் இருப்பாரு."
அத்தை, நீங்கள் அல்லவா விஞ்ஞானி!

மார்ச் 9
'எலக்ட்ரான் எந்த வழியில் போகிறது என்று சொல்ல முடியாது. அணுக்கருவைச் சுற்றி எந்தப் பகுதியில் பெரும்பாலும் இருக்கும் என்று சொல்லலாம். அந்தப் பகுதியே ஆர்பிட்டால்.'
பைண்டர் காதைச் சொறிந்தார். "எங்க இருக்கும்னு கேளு, எப்படிப் போச்சுன்னு கேக்காதே. அவ்வளவுதானே?"
அவ்வளவேதான்! ஆசிரியர் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 12
ஐயோ. அச்சான பக்கத்தில் என் பொருளுக்குப் பக்கத்திலேயே ஒரு வட்டம், அதில் அம்புக்குறி. மூன்றாம் தேதி நான் சொல்லி அனுப்பிய படம் — நிறுத்தச் சொல்ல மறந்தே போனேன். ஆசிரியர் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் எனக்குத்தான். ஆனால் படிக்கிற பிள்ளை படத்தைத்தானே முதலில் பார்க்கும்? போய்ச் சொல்லித் தொலைத்தேன்.
"எட்டுப் பக்கம் திரும்ப அடிக்கணும்" என்றார்.

மார்ச் 16
இடம் வேறொருவருக்கு. அழுகை வந்தது. வரட்டுமே.

மார்ச் 20
பழைய மேஜை. புதுப் பக்கம் வந்துவிட்டது: வட்டம் போய், புள்ளி புள்ளியாக மேகம். ஓவியர் என்னைப் பார்த்தாலே, புள்ளி வைத்து வலித்த விரலை உதறிக் காட்டுகிறார்.
மதியம் பைண்டர் எட்டிப் பார்த்தார். "நேத்து என் பொண்ணு இந்த ஆர்பிட்டால் பாடத்தோட முட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் சொல்லிக் குடுத்தேம்மா. நான்!"
அதன் பிறகு கால் மணி நேரம் ஒரு பிழைகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை.